தைக்கோடு

என் மகன் இன்பன் வளரவில்லை என்பது எங்கள் வளாகத்துக்கே தெரியும். பால்காரர் முதல் நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் வரை ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டார்கள். ஒருவர் கம்பியில் தொங்கவிடச் சொன்னார். இன்னொருவர் முருங்கைக்கீரை என்றார். எல்லோரும் சேர்ந்து சொன்னது ஒன்றுதான்: "நம்ம சங்கத் தலைவர் பொண்ணு தாரணிக்குக் கொடுக்கற மாதிரி ராகிக் களி கொடுங்க."

வளர்ச்சி என்ற சொல்லை வைத்துத்தான் நான் சோறு தின்கிறேன். விளம்பரங்களுக்குத் தமிழ் எழுதுவது என் வேலை. தலைமுடி எண்ணெய்க்கு வளர்ச்சி, சத்துமாவுக்கு வளர்ச்சி, மனைப்பிரிவுக்கு வளர்ச்சி. எதை விற்க வேண்டுமானாலும் இந்த ஒரு சொல்லை உள்ளே போட்டால் போதும், சரக்கு நகரும். எதன் வளர்ச்சி, எதுவரைக்கும் என்று இத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை. நாங்கள் வீடு வாங்கியதும் அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான். நல்லவேளையாக அதை எழுதியது நான் இல்லை.

வீடு, சூலூர் தாண்டிக் கிழக்கே எண்பது தனி வீடுகள் கொண்ட வளாகத்தில் இருக்கிறது. எல்லாமே உயிர்க்கல் வீடுகள். செங்கலும் சிமெண்டும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் சுண்ணாம்பைக் கக்கிக் கக்கித் தானே சுவர் எழுப்பும். நகம் வளர்கிற மாதிரி அடியிலிருந்து வளர்ந்து, பழைய பகுதியை மேலே தள்ளும். மேலே லேசான தகட்டுக் கூரை. கதவும் ஜன்னலும் சுவரைத் தொடாமல், தரையில் ஊன்றிய இரும்புச் சட்டத்தில் நிற்கும். தேவையான உயரம் வந்ததும் அஸ்திவாரத்தில் ஒரு மருந்தைச் செலுத்திச் சுவரைத் தூங்க வைத்துவிடுவார்கள். அதன் பிறகு அது வெறும் கல்தான் என்று கட்டிய கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது.

வளாகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தை முதல் நாள் பொங்கல் பானை வைப்பதற்கு முன்னால், பிள்ளைகளைக் கூடத்துச் சுவரில் சாய்த்து நிறுத்தித் தலைமேல் பென்சிலால் கோடு போட்டு, அதன் நுனியில் ஒரு குங்குமப் பொட்டு வைப்போம். தைக்கோடு என்று பெயர். குடிவந்த முதல் தையில் இன்பனோடு நானும் என் கணவர் திருமூர்த்தியும்கூட விளையாட்டுக்கு நின்று கோடு போட்டுக்கொண்டோம். பெரியவர்கள் வளரவா போகிறோம் என்று பிறகு அந்தக் கோடுகளை மறந்துவிட்டோம். அடுத்த தையில் இன்பனின் கோடு நன்றாகவே மேலே போயிருந்தது. அதற்கடுத்த தையில், அதாவது இந்த வருடம், அவன் தலை பழைய கோட்டிலேயே போய் இடித்தது. ஒரு நூல்கூட ஏறவில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, தெருவில் பாதி வீடுகளில் இதே கதை. வளாக மருத்துவ அறையில் அளந்தார்கள், வளாகப் பள்ளியில் அளந்தார்கள், எல்லா அளவும் ஒத்துப்போயிற்று. டாக்டர் பெனசீர் வாரம் ஒருமுறை கோயமுத்தூரிலிருந்து வருபவர். அவர் தண்ணீரைச் சோதித்தார், ரத்தத்தைச் சோதித்தார், காரணம் பிடிபடவில்லை. கடைசியில் பெற்றோர்கள் நச்சரித்து, அவரை ஊசிக்குச் சம்மதிக்க வைத்துவிட்டோம். எலும்பின் நுனியில் வளர்ச்சியைத் திறந்துவிடும் புது ஊசி. ஒரே ஒருமுறை போட்டால் போதும். திறந்ததை மூட மட்டும் முடியாது. மூட்டு வலி ஆயுளுக்கும் வரலாம் என்று டாக்டர் மூன்று கூட்டத்தில் எச்சரித்தார். நாங்கள் மூன்று கூட்டத்திலும் தலையாட்டினோம்.

ஊசி போடும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்திலிருந்து அழுகைச் சத்தம் கேட்டு ஓடினேன். இன்பன் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, தலைமேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். எட்டு வயதுப் பிள்ளை தானாகவே அளந்து பார்த்திருக்கிறான்.

"அம்மா, நான் கொறஞ்சுட்டேன்."

பார்த்தேன். தையில் போட்ட கோடு அவன் தலைக்கு மேலே இரண்டு விரல் தள்ளி நின்றது.  அவனைக் கட்டிக்கொண்டு, "நேரா நில்லு கண்ணு, சரியா நின்னிருக்க மாட்டே" என்றேன். அவன் விறைப்பாக நின்றான். கோடு இறங்கி வரவில்லை.

திருமூர்த்தி பல்விளக்கும் குச்சியோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு ஊசி போட்டுட்டாச் சரியாயிரும். அழுவாத சாமி."

"வளராமப் போகலாம்ங்க. பிள்ளை எப்படிக் குறையும்?" என்றேன்.

  எதையாவது செய்ய வேண்டுமே என்று, சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிக்கப் போனேன். கை எட்டவில்லை, குதிகாலைத் தூக்கினேன். சில மாதமாகவே இப்படித்தான். சாமி படத்துக்குப் பூ வைக்கவும் முக்காலி போட்டுக்கொள்கிறேன். இடுப்பு வலியில் கூன் விழுந்துவிட்டது, நாற்பதைத் தொட்டால் அவ்வளவுதான் என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். இன்பனின் பள்ளிக் கால்சட்டை இரண்டு மாதமாகக் கணுக்காலுக்கு மேலே ஏறிக் கிடக்கிறது. துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டது என்று திருமூர்த்தி சொன்னார், நானும் நம்பினேன். வளராத பிள்ளைக்குக் கால்சட்டை எப்படிப் பத்தாமல் போகும் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

காலண்டருக்குப் பக்கத்தில்தான் எங்கள் முதல் தைக்கோடுகள் இருந்தன. என் பெயரெழுதிய கோட்டுக்குக் கீழே போய் நின்று, "மேல கை வச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் வைத்தார்.  என் தலைக்கும் என் கோட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அவரை நிறுத்திப் பார்த்தேன். அவருக்கும் அதே நாலு விரல்.

"தரை எறங்கியிருக்குமோ?" என்றார் மெதுவாக.

"தரை எறங்கியிருந்தாலும் கதவும் ஜன்னலும் கூடவே எறங்கியிருக்கும், வித்தியாசம் தெரியாது. எதுவா இருந்தா என்னங்க? பிள்ளை குறையல. சுவர்தான் ஏறியிருக்கு, கோட்டையும் தூக்கிட்டு." எனக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தன. "நீங்க கம்பெனிக்குப் போன் போடுங்க. நான் தலைவர் வீட்டுக்குப் போறேன். ஊசியை நிறுத்தணும்."

நான் செருப்பை மாட்டுவதற்குள் அவர் போனில் பிடித்துவிட்டார். ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது: "சுவரடியில் சர்க்கரை, மாவு, கஞ்சி ஏதாவது ஊற்றுகிறீர்களா சார்? அப்படி ஊற்றினால் தூக்கம் கலைந்துவிடும் என்று கையேட்டில் இருக்கிறது."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சுவரோரம் ஒரு சாண் மண் விட்டு வாழையும் கறிவேப்பிலையும் வைக்காத வீடு எங்கள் வளாகத்தில் கிடையாது. அரிசி கழுவிய தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் அந்தச் செடிக்கு ஊற்றாத வீடும் கிடையாது. கஞ்சியைச் சாக்கடையில் கொட்ட எவளுக்கு மனசு வரும்? எண்பது வீட்டுச் சுவருக்கும் இரண்டு வேளை சோறு போட்டிருக்கிறோம்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் சென்னியப்பன் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். ஆறடி உயரம். அதை அவரே வாய்க்கு வாய் சொல்லிக்கொள்வார். நல்ல மனுஷர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்பவர்.

"அட, வாங்க அம்மிணி. என்ன இந்நேரத்துல? பத்து மணிக்குத்தானே ஊசி?"

சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க. முதல்ல உங்ககிட்டதான்."

"நல்லதாப் போச்சு. நான் சொல்றதக் கேளுங்க. சுவரு வளருதுன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா நாளைக்கே அதிகாரிங்க வந்து நிப்பாங்க. அஸ்திவாரம் தாங்குமா, கூரை தாங்குமான்னு கேட்டுட்டு எண்பது குடும்பத்தையும் வெளிய போகச் சொல்லுவாங்க. எங்கீங்க போறது? எங்கப்பன் வச்சிருந்த தோட்டத்த வித்துட்டு இங்க வந்தவன் நான்."

"அதுக்காக நல்லா இருக்கற பிள்ளைங்களுக்கு ஊசி போடறதாங்க?"

"ஊசியால என்னங்க கெட்டுப்போச்சு? ரெண்டு விரல் ஒசந்துட்டுப் போறாங்க. ஒசரமா இருக்கறது நல்லதுதான?"

"டாக்டர் மூட்டு வலின்னு சொன்னாங்களே. ஆயுசுக்கும்னு சொன்னாங்களே!"

"வரலாம்னுதான சொன்னாங்க. வந்துருமா?" குரல் தாழ்ந்தது. "இன்னைக்கு நடக்கறது நடக்கட்டும் அம்மிணி. சுவரைப் பத்திப் பொறவு கம்பெனிகிட்ட நாமளே பேசிக்கலாம். உங்க பையனுக்கு வேண்டாம்னா விட்ருங்க. காய்ச்சல்னு சொல்லிருங்க."

என் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவிடு என்கிறார். ஒரு நொடி அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்படிப் பட்டதை நினைத்து உடனே கோபம் வந்தது. அவர்மேலும் வந்தது, என்மேலும் வந்தது.

"நீங்க சொல்றது தப்புன்னே வச்சுக்குங்க," என்றார் அவர், வழி கண்டுபிடித்தவர் போல. "சுவரு வளருதுன்னா எம் பொண்ணு எப்படி? மூணு தைக்கோடும் ஏணிப்படி மாதிரி சீரா ஏறியிருக்கு. அவளுக்கு மட்டும் தனிச் சுவரா? தாரணி! இங்க வா சாமி."

தாரணி உள்ளிருந்து வந்தாள். பத்து வயது. வரும்போதே கதவுச் சட்டத்தில் தோளை இடித்துக்கொண்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். விளையாடும்போது தூணில் மோதுவாள், "ஆகாசத்தப் பாத்துட்டு நடக்கறியா?" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அம்மாவின் காது வரைக்கும் வந்துவிட்டாள். அப்பா உயரம் என்று எல்லோரும் கண்ணேறு கழிப்போம்.

"அப்பா, செருப்பு மறுபடியும் பத்தல," என்றாள்.

"வாங்கிக்கலாம் கண்ணு. பாருங்க அம்மிணி. இவ நல்லாத்தான வளர்றா?"

அவர் கேட்டதை நான் நின்று யோசிக்கவில்லை.  நேரம் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஓடி இன்பனைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கக் கட்டிடத்துக்குப் போனேன்.

மருத்துவ அறை அங்கேதான். அதுவும் உயிர்க்கல் கட்டிடம்தான். நாங்கள் போவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. இருபது பிள்ளைகள் புதுத்துணி உடுத்தி நெற்றியில் திருநீற்றோடு வரிசையில் நின்றார்கள். முதல் நாற்காலியில் பக்கத்து வீட்டுப் பெண் சட்டைக் கையை மடித்து உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் பெனசீர் ஐஸ் பெட்டியிலிருந்து முதல் ஊசியை எடுத்துக்கொண்டிருந்தார். தலைவர் எனக்கு முன்பே வந்து, மகள் தோளில் கைவைத்தபடி நின்றிருந்தார்.

"டாக்டர், போடாதீங்க!" என்று நான் கத்தியது எனக்கே நாராசமாகக் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். மூச்சு வாங்க, காலண்டரையும் கால்சட்டையையும் என் தைக்கோட்டையும் சொன்னேன். கோர்வையாகச் சொல்லவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். ஊசி மட்டும் பாதி வழியில் நின்றது.

"குறைஞ்சுட்டானா?" என்றார் டாக்டர். "உயரம் குறையாதும்மா. நிக்கும், குறையாது. இத்தனை பிள்ளைங்க ஒண்ணா நின்னுபோனதே எனக்கு இடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு." அவர் திரும்பித் தன் அறைச் சுவரைப் பார்த்தார். உயரம் பார்க்கும் அளவுப் பட்டை அந்தச் சுவரில்தான் ஒட்டியிருந்தது. பள்ளியிலும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டர்," என்று தலைவர் முன்னால் வந்தார். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். "சுவரு வளந்தா எல்லாப் பிள்ளைக்கும்தான நின்ன மாதிரி தெரியணும்? எம் பொண்ணு மட்டும் எப்படி ஒழுங்கா ஏறிட்டே வர்றா? சொல்லச் சொல்லுங்க பாக்கலாம். இவதான் சாட்சி."

கூட்டம் அவர் பக்கம் தலையாட்டியது. அந்த நாற்காலியில் இருந்த பெண்ணின் அம்மா, "நீங்க போடுங்க டாக்டர், நேரமாகுது" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். என்னிடம் வேறு என்ன இருந்தது? வளராத ஆள் ஒருவர் வேண்டும், அவர் உயரம் ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஒருவர் என் எதிரிலேயே நின்றிருந்தார்.

"நீங்களே அந்தப் பட்டைகிட்ட நில்லுங்களேன் தலைவரே," என்றேன். "உங்க ஆறடி எங்க எல்லாருக்கும் மனப்பாடம்."

மறுக்க வழியில்லை. எல்லோரும் பார்க்கிறார்களே. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். டாக்டர் முக்காலியில் ஏறி, அட்டையை அவர் தலைமேல் வைத்துப் படித்தார். இன்னொருமுறை படித்தார்.

"அஞ்சடி ஒம்பது அங்குலம்."

 அந்த அறையே வெடித்தது. நாற்காலியில் இருந்த பெண்ணை அவள் அம்மா வாரி எடுத்துக்கொண்டாள். யாரோ அழுதார்கள், யாரோ கம்பெனியை வாய்க்கு வந்தபடி வைதார்கள். வீடு போச்சே என்று ஒருவர் தலையில் கைவைத்தார். அவர் மனைவியோ, பிள்ளை நல்லா இருக்கான், வீடு கிடக்குது என்று அவர் முதுகில் அறைந்தாள். இன்பன் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "நான் வளர்ந்திருக்கனாம்மா?" என்றான். "வளர்ந்திருக்கே கண்ணு, நல்லா வளர்ந்திருக்கே," என்றேன். இத்தனை வருடம் விற்ற அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதல்முறையாக உண்மையாகச் சொன்னேன்.

அப்போதுதான் கவனித்தேன். தலைவர் பட்டையை விட்டு நகரவே இல்லை. தன் தோல்வியை நினைத்து நிற்கிறார் என்றுதான் முதலில் எனக்குப் பட்டது. ஆனால் அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரும் ஊசியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு அவளையே பார்த்தார். தலைவர் சற்று முன் எங்களிடம் கேட்ட கேள்விக்கான பதில் எனக்கும் அந்த நேரத்தில்தான் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

"தாரணி, இங்க வாம்மா." டாக்டர் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார். "தலை வலிக்குமா உனக்கு?"

"காலைல வலிக்கும். பொறவு போயிரும்."

"என் மூக்கையே பாரு. வேற எங்கயும் பாக்காத. என் விரல் தெரியுதா?"

டாக்டர் ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டினார். அது அவள் காதுக்கு நேரே இருந்தது.

"எந்த விரல்?" என்றாள் தாரணி.

விரல் இன்னும் முன்னால் வந்தது. இன்னும் வந்தது. கன்னத்துக்கு நேரே வந்த பிறகுதான், "ஆங், தெரியுது" என்றாள். மறுபக்கமும் அதேதான். ஒவ்வொருவராகக் கிட்டே வந்தார்கள்.

"என்னங்க டாக்டர்?" என்றார் தலைவர்.

"பயப்படாதீங்க. மத்த பிள்ளைங்க எவ்வளவு வளர்ந்தாங்களோ அவ்வளவு சுவரும் வளர்ந்திருக்கு. அதனாலதான் அவங்க நின்ன மாதிரி தெரிஞ்சுது." டாக்டர் நீட்டிய கையை இறக்கினார். "தாரணி சுவரையும் முந்தியிருக்கா. ரெண்டு மடங்கு வேகம். மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கு. அங்க கட்டி மாதிரி ஏதாவது வளர்ச்சி இருந்தா ஒசரமும் கூடும், பக்கப் பார்வையும் மறையும். இருக்கான்னு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாம். இன்னைக்கே. சீக்கிரம் தெரிஞ்சா எடுத்துரலாம்."

அந்தச் சொல்லை நான் எண்ணெய்க்கும் மாவுக்கும் மனைக்கும் எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு வாக்கியத்துக்குள் கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்ததில்லை. ராகிக் களி, ராகிக் களி என்று அந்தப் பிள்ளையைக் காட்டிக் காட்டி எங்கள் பிள்ளைகளை எத்தனை நாள் ஏசியிருப்போம்.

தாரணி எதுவும் புரியாமல் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "ஊசி இல்லியாப்பா? அப்ப செருப்பு வாங்கப் போலாமா?"

"போலாம் சாமி. ஒரு நிமிஷம்." சென்னியப்பன் டாக்டரிடம் திரும்பினார். காலையில் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் பேசிய அதே தாழ்ந்த குரல். "டாக்டர், இன்னொருக்கா அளந்து பாருங்க. நான் அப்ப சரியா நிக்கல."

"அண்ணா..." என்றார் டாக்டர்.

"கூனிட்டு நின்னுட்டனுங்க. நீங்க அளங்க. இது வெறும் கல்லுச் சுவருதான். கம்பெனி எழுதிக் குடுத்திருக்கு. அப்ப எம் பொண்ணு நல்லாத்தான வளர்றா."

டாக்டர் மறுபடியும் முக்காலியில் ஏறினார். தலைவர் சுவரோடு முதுகை ஒட்டி, மோவாயை நிமிர்த்தி, மார்பை விரித்து நின்றார். பிறகு இரண்டு குதிகாலையும் மெல்லத் தரையிலிருந்து தூக்கினார். அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். காலைக் கீழே வையுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.